பழைய போர்வீரர் சங்கக் கிளை ஒன்றின் சரித்திரம்

நம் கிராமங்களில் சங்கங்கள் தொடங்கப்படுவது அரிதான காரியமன்று. வாசகசாலைச் சங்கம், பஜனைச் சங்கம், வாலிபர் சங்கம் என்று ஏதேனும் ஒன்று அவ்வப்போது ஊர்ப் பொதுவில் ஏற்படுவதை நேயர்கள் கண்டிருப்பார்கள். தொடக்க நாளில் மாவிலைத் தோரணமும், சந்தன தாம்பூலமும், அக்கிராசனர் பிரசங்கமும் குறைவின்றி நடைபெறும். மறு வருஷம் அதே நாளில் சங்கத்தின் கணக்குப் புத்தகம் எங்கே என்று கேட்டால், அது யார் வீட்டுப் பரணில் கிடக்கிறதென்று சொல்வார் இரார். இக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. வேறு தேசங்களிலும் சங்கங்கள் இவ்வாறே பிறந்து இவ்வாறே மறைந்திருக்கின்றன.

ஆகவே, நெடுங்காலம் நிலைத்து நின்ற ஒரு சிறு சங்கத்தின் வரலாற்றை இப்பாடத்தில் எடுத்துக்கொள்வோம். அது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பென்ஸில்வேனியா ராஜ்யத்தில், கார்னகி என்னும் சிற்றூரில் கூடிய பழைய போர்வீரர்களின் சங்கக் கிளையாகும். 1879-ம் வருஷம் தொடங்கி, அரை நூற்றாண்டுக்கு மேல் அது நடந்து வந்தது. அதன் தாய்ச் சங்கத்தில் ஒரு விசேஷ விதி உண்டு. குறிப்பிட்ட ஒரு யுத்தத்தில், குறிப்பிட்ட நான்கு வருஷங்களுக்குள் சேவை செய்தவர் மாத்திரமே அங்கத்தினராகலாம். அவர்களுடைய மக்களுக்கோ பேரருக்கோ இடமில்லை. எனவே, கடைசி வீரர் கண்மூடும் நாளில் சங்கமும் முடிந்துவிடும் என்பது அதில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. வாரிசு இல்லை என்று அறிந்தும் அவர்கள் எவ்வாறு ஒழுங்காக நடந்துகொண்டார்கள், எதை எவரிடம் ஒப்படைத்துப் போனார்கள் என்பதே நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

தாய்ச் சங்கத்தின் தோற்றம்

1861-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 12-ந் தேதி முதல் 1865-ம் வருஷம் வரையில் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் நடந்தது. அடிமை முறையைக் கைவிட மனமின்றிப் பிரிந்து போன தென் ராஜ்யங்களுக்கும், தேசம் பிளவுபடலாகாது என்று நின்ற வட பகுதிக்கும் நடந்த போர் அது. இரு தரப்பிலும் சேர்த்து மாண்டவர்கள் ஆறு இலட்சத்துக்குக் குறைந்தவர் அல்லர். குண்டுபட்டு இறந்தவரினும் நோயால் இறந்தவரே அதிகம். வட பகுதிச் சேனையில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் சேவை செய்தனர். யுத்தம் முடிந்து சில மாதங்களுக்குள் அவர்களிற் பெரும்பாலோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர்.

வீடு திரும்பியவர்களின் நிலை எல்லா தேசத்துப் பட்டாளத்தாருக்கும் பொதுவானதே. கை இழந்தவன் ஏர் பிடிக்க முடியாது. தளவாடச் சாலையிலும் கூடாரத்திலும் நான்கு வருஷம் கழித்தவனுக்குப் பழைய தொழில் மறந்திருந்தது. அவனுடைய இடத்தில் வேறொருவன் அமர்ந்திருந்தான். வயிற்றுக் கடுப்பும் முறைக்காய்ச்சலும் பலரை விட்டபாடில்லை. இவையெல்லாவற்றிலும் பெரிய குறை, தாம் கண்டதைப் பேசுவதற்குத் தம்மைப்போற் கண்டவர் அருகில் இல்லாமையாகும்.

இல்லினாய் ராஜ்யத்துக் காலாட்படையின் 14-வது பட்டாளத்தில் வைத்தியராக இருந்தவர் பெஞ்சமின் ஸ்டீவன்ஸன் என்பவர். அதே பட்டாளத்தின் குருவாகிய ரட்லெட்ஜ் என்பவரோடு போர்முனையிலேயே இதுபற்றி அவர் பேசியதுண்டு. யுத்தத்துக்குப் பின் விதிகளை எழுதி முடித்து, அவற்றை அச்சிட டிகேட்டர் என்னும் ஊரில் ஓர் அச்சுக்கூடத்துக்கு அனுப்பினார். விதிகள் வெளியாருக்குத் தெரியலாகாது என்று கருதி, பழைய சிப்பாய்கள் வேலை பார்த்த அச்சுக்கூடமாகப் பார்த்துத் தேர்ந்தார். எழுத்துக் கோத்தவர்களே அவ்விதிகளைப் படித்து ஊக்கம் கொண்டனர். அவ்வாறாக 1866-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 6-ந் தேதி பன்னிரண்டு பேரைக் கொண்டு முதற் கிளை டிகேட்டரில் ஏற்பட்டது. சங்கத்துக்குக் ‘குடியரசின் மகாசேனை’ என்று பெயரிட்டனர். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்ட சேனை அது. சகோதரத்துவம், தருமம், விசுவாசம் என்னும் மூன்றும் அதன் கொள்கைகள்.

அதே வருஷம் நவம்பரில் முதலாவது மகாசபை இண்டியானாபோலிஸ் நகரில் கூடியது. கிளை, அதன்மேல் ராஜ்ய சபை, அதற்கும் மேல் தேசத்துக்கெல்லாம் ஒரு மகாசபை என மூன்று படிகளாக அமைப்பு ஏற்பட்டது. 1868-ல் தலைவராக இருந்த ஜான் லோகன் என்னும் தளபதி மே மாதம் 5-ந் தேதி ஓர் உத்தரவு பிறப்பித்து, அம்மாதம் 30-ந் தேதியன்று யுத்தத்தில் மாண்டவர்களின் கல்லறைகளுக்கு மலர் சூட்டும்படி எல்லாக் கிளைகளையும் கேட்டுக்கொண்டார். அந்நாளே பிற்காலத்தில் அத்தேசத்தின் பொது நினைவு நாளாயிற்று.

இவ்வளவு நன்றாகத் தொடங்கியது மூன்றாண்டுகளுக்குள் ஆட்டம் கண்டது. அதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, கிளைகள் தேர்தற் காலங்களில் ஒரு கட்சியின் ஊர்வலமாகவே ஆகிவிட்டமையால் மற்றக் கட்சியைச் சேர்ந்த வீரர்கள் விலகிக்கொண்டார்கள். இரண்டாவது காரணம் வேடிக்கையானது. 1869-ல் அங்கத்தினரை மூன்று படிகளாகப் பிரித்து, புதிதாகச் சேர்ந்தவர் கீழ்ப்படியில் சில மாதம் காத்திருந்து மேலே ஏறவேண்டும் என்று விதி செய்தார்கள். நான்கு வருஷம் குண்டுக்கு முன் நின்று வந்தவனை நீ இன்னும் புதியவன் என்று வாயிலருகே உட்கார வைத்தால் அவன் எத்தனை மாதம் வருவான்? இரண்டாண்டுகளில் அவ்விதி கைவிடப்பட்டது. ஆயினும் போனவர்கள் உடனே திரும்பவில்லை. 1876-ல் தேசமெங்கும் எஞ்சியிருந்த அங்கத்தினர் சுமார் 27,000 பேரே. டிகேட்டரில் தோன்றிய முதற் கிளையும் மறைந்து போயிற்று. பின்னர் அவ்வூரில் மறுபடி கிளை ஏற்பட்டபோது அதற்குக் கிடைத்தது 141 என்னும் எண். ஒன்றாம் எண் ராக்போர்டு என்னும் வேறு ஊருக்குப் போய்விட்டது. ஸ்டீவன்ஸன் 1871-ல் இறந்தார். தாம் நட்ட செடி பட்டுவிட்டதென்றே அவர் எண்ணியிருக்கக்கூடும். அவருக்கு வாஷிங்டன் நகரில் ஞாபகச் சின்னம் எழுப்பப்பட்டது 1909-ல்.

கிளையின் அமைப்பும் அலுவலும்

சங்கம் மறுபடி தளிர்த்த காலத்தில்தான், 1879-ல், நாம் எடுத்துக்கொண்ட கிளை ஏற்பட்டது. அப்போது அவ்வூருக்குக் கார்னகி என்னும் பெயரில்லை; சார்டியர்ஸ், மான்ஸ்பீல்டு என்னும் இரண்டு சிற்றூர்களாக இருந்தது. அவ்விரண்டும் 1894-ல் ஒன்றாக்கப்பட்டு, இரும்பு வியாபாரத்தில் பெருஞ்செல்வரான ஆண்ட்ரூ கார்னகியின் பெயரைப் பெற்றன. பிட்ஸ்பர்க் நகருக்கு அண்மையில் உள்ள அப்பகுதி நிலக்கரியும் ரெயில் பாதையும் நிறைந்தது.

கிளைக்குப் பெயரிடுவதில் தாய்ச் சங்கத்தில் நல்ல விதி ஒன்றிருந்தது. உயிரோடிருக்கும் எவர் பெயரையும் வைக்கலாகாது. ஒரே ராஜ்யத்தில் இரண்டு கிளைகளுக்கு ஒரே பெயரும் ஆகாது. பெரிய மனிதர்களைச் சந்தோஷப்படுத்துவதற்காக அவர்கள் பெயரைப் பலகையில் எழுதும் வழக்கத்துக்கு இதனால் இடமில்லாமற் போயிற்று. இக்கிளைக்குக் ‘காப்டன் தாமஸ் எஸ்பி கிளை’ என்று பெயரிட்டு, 153 என்னும் எண்ணைப் பெற்றார்கள். எஸ்பி என்பவர் பென்ஸில்வேனியாவின் 62-வது பட்டாளத்தில் காப்டனாக இருந்தவர். 1862-ம் வருஷம் ஜூன் மாதம் 27-ந் தேதி விர்ஜினியாவில் கெயின்ஸ் மில் என்னுமிடத்தில் நடந்த போரில் படுகாயமுற்று உயிர் துறந்தார். அதே போரில் அப்பட்டாளத்தின் கர்னலும் மாண்டார்.

கிளைகளின் நடைமுறை தேசமெங்கும் ஒன்றே. சேர விரும்புகிறவர், தாம் எந்தப் பட்டாளத்தில் எத்தேதி முதல் எத்தேதி வரை இருந்தார், கௌரவமாக விடுவிக்கப்பட்டாரா என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும். அதை விசாரிக்க ஒரு சிறு குழு நியமிக்கப்படும். பின்னர் அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒரு பெட்டிக்குள் வெள்ளைக் குண்டையோ கறுப்புக் குண்டையோ மறைவாக இட்டு வாக்களிப்பர். தலைவர், இரண்டு உபதலைவர்கள், காரியதரிசி, பொக்கிஷதார், வைத்தியர், குரு, வாயிற்காவலர் முதலிய உத்தியோகஸ்தர்கள் வருஷந்தோறும் டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டு ஜனவரியில் பதவியேற்பார்கள். யுத்தத்தில் கர்னலாக இருந்தவர் கீழே உட்கார, சாதாரணச் சிப்பாயாக இருந்தவர் தலைவர் ஆசனத்தில் அமர்வதும் உண்டு. சபைக்குள் ஒருவரையொருவர் ‘தோழரே’ என்று அழைப்பதே முறை.

பணத்தைப் பற்றிய ஒழுங்கு நம்மவர் குறித்துக்கொள்ளத்தக்கது. பொக்கிஷதார் ஜாமீன் கொடுத்த பின்னரே சாவியைப் பெறுவார். அங்கத்தினர் சந்தாவில் தலைக்கு இவ்வளவு என்று ஒரு பகுதி ராஜ்ய சபைக்குப் போகும். புதிதாகச் சேர்ந்தவர் எத்தனை பேர், இறந்தவர் எத்தனை பேர், சந்தா பாக்கிக்காக நீக்கப்பட்டவர் எத்தனை பேர், தருமத்துக்குச் செலவான தொகை எவ்வளவு என்னும் விவரங்களைக் காரியதரிசி குறித்த தவணைகளில் எழுதியனுப்ப வேண்டும். எழுதியனுப்பாத கிளை நல்ல நிலையில் உள்ளதாகக் கருதப்படமாட்டாது. இந்தக் கடிதப் போக்குவரத்து சிலருக்குச் சலிப்பூட்டியிருக்கலாம். ஆனால் ஒரு கிளை உயிரோடிருக்கிறதா இல்லையா என்பதைத் தேசமெங்கும் அறிந்துகொண்டிருக்க வேறு வழி ஏது?

கூட்டம் நடக்கும் அறையின் நடுவில் ஒரு சிறு பீடத்தின்மேல் வேதப்புத்தகம் இருக்கும். வருகை எழுதுவது, நோயுற்றவர் யார் என்று விசாரிப்பது, பார்த்து வரச் சிலரை நியமிப்பது, பில்களுக்கு அனுமதி கொடுப்பது ஆகியவை முக்கிய அலுவல்கள். வருஷத்தில் சில நாட்களில் ‘பாசறைத் தீ’ என்று பெயரிட்டு ஊராரையும் அழைத்து, யுத்த காலத்து உணவாகிய அவரையையும் கல்லைப் போன்ற உலர்ந்த ரொட்டியையும் காப்பியையும் பரிமாறிக் கதை சொல்வார்கள். அங்கத்தினர் மார்பில் அணிந்த நட்சத்திர வடிவப் பதக்கம், எதிரிகளிடமிருந்து பிடித்த பீரங்கிகளின் வெண்கலத்தை உருக்கிச் செய்ததாகும்.

தருமமே கிளையின் உயிர். ஏழை வீரர் இறந்தால் அவரைப் பிச்சைக்காரர் மயானத்தில் புதைக்க விடுவதில்லை. கிளையே செலவு செய்து, தோழர்கள் உடன் சென்று அடக்கம் செய்யும். விதவைக்கு விறகும் வாடகையும், அநாதைக் குழந்தைகளுக்கு இடமும் தேடிக்கொடுக்கும். ஊர்தோறும் இருந்த கிளைகளின் முயற்சியால், முதிர்ந்த வீரர்களுக்கான இல்லங்கள் பல ராஜ்யங்களில் சர்க்கார் செலவில் ஏற்பட்டன. 1883-ல் மாதர் சங்கம் ஒன்று துணையாக அங்கீகரிக்கப்பட்டது. நோயாளியின் வீட்டுக்குச் சென்று வரும் வேலையிலும் பணம் திரட்டும் வேலையிலும் அம்மாதர்கள் இல்லாவிட்டால் பல கிளைகள் தம் அலுவலை முடித்திருக்க மாட்டா.

சர்க்காரிடம் பெற்ற சகாயங்கள் வேறு. 1872-ல் ஏற்பட்ட சட்டப்படி, புறம்போக்கு நிலத்தில் 160 ஏக்கர் வரை பண்ணையாகப் பெறும் வீரர், அந்நிலத்தில் ஐந்து வருஷம் குடியிருக்க வேண்டும் என்னும் நிபந்தனையில் தம் பட்டாளச் சேவைக் காலத்தைக் கழித்துக்கொள்ளலாம். பென்ஷனைப் பற்றியோ பெரிய போராட்டமே நடந்தது. முதலில் யுத்தத்தில் ஊனமுற்றவர்க்கும், மாண்டவரின் விதவைக்கும் மாத்திரமே பென்ஷன் உண்டு. 1887-ல் அதை விரிவாக்கிய மசோதாவை ஜனாதிபதி கிளீவ்லண்டு நிராகரித்தார். அடுத்த வருஷத் தேர்தலில் அவர் தோற்றார், மகாசேனையின் அங்கத்தினராகிய பெஞ்சமின் ஹாரிஸன் ஜனாதிபதியானார். 1890-ம் வருஷச் சட்டம், தொண்ணூறு நாள் சேவை செய்து பின் எக்காரணத்தாலேனும் உழைக்க இயலாதவராகிவிட்ட ஒவ்வொருவருக்கும் பென்ஷன் அளித்தது. சில வருஷங்களில் மத்திய சர்க்காரின் வருமானத்தில் நூற்றுக்குச் சுமார் நாற்பது பங்கு பென்ஷனுக்கே போயிற்று. இதை நியாயம் என்றோரும் உண்டு, பொதுப்பணத்தைக் கொள்ளையிடுவதென்றோரும் உண்டு. சங்கம் தன் வாக்குப் பலத்தால் அளவுக்கு மேல் பெற்றது என்பதே என் அபிப்பிராயம். எனினும் ஒரு சிற்றூரில் முடக்குவாதத்தால் படுத்துவிட்ட பழைய சிப்பாய்க்கு, நீ இன்ன நாளில் இன்ன ஆற்றங்கரையில் நனைந்து கிடந்தாய் என்று சாட்சிக் கடிதம் எழுதிக் கொடுத்தவர்கள் அவனுடைய கிளைத் தோழர்களே. அக்கடிதம் இன்றேல் அவன் மனு மேஜையிலேயே கிடந்திருக்கும். இப்பென்ஷன் எவ்வளவு காலம் நீண்டதென்பதும் வியப்புக்குரியது. முதிய வயதில் மணந்த ஒரு வீரரின் மகள், 2020-ல் தாம் இறக்கும் வரையில் மாதம் 73 டாலர் 13 செண்டு பெற்று வந்தார்.

நிறவேற்றுமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வட பகுதிச் சேனையில் சுமார் 1,80,000 கறுப்பு நிறத்தவர் போர் செய்தனர். மகாசேனையின் விதிப்படி அவர்களுக்கும் சமமான இடமுண்டு. வழக்கத்திலோ, பல ஊர்களில் கறுப்பர் தனிக் கிளை அமைத்துக்கொண்டார்கள். சில ஊர்களில் ஒரே கிளையில் இருதிறத்தாரும் இருந்தனர். லூயிஸியானா, மிஸிஸிப்பி பகுதியில் இருந்த வெள்ளை அங்கத்தினர் சிலர், கறுப்பருக்கு வேறாக ஒரு ராஜ்ய சபை அமைத்துவிட வேண்டுமென்று கேட்டனர். 1891-ல் டிட்ராய்ட் நகரில் கூடிய மகாசபை அதை மறுத்துவிட்டது. அக்காலத்து அமெரிக்காவில் கோயிலும் பள்ளியும் ரெயில் வண்டியும் நிறம் பார்த்துப் பிரிக்கப்பட்டு வந்தன என்பதை நினைத்துப் பார்த்தால், அம்மறுப்பு சிறிய காரியமன்று. சேர்க்கைப் பெட்டியில் மறைவாக விழுந்த கறுப்புக் குண்டுகளை மகாசபையால் எண்ண முடியவில்லை என்பதும் மெய்யே.

குறையும் வரிசை

1890-ம் வருஷம் சங்கத்தின் உச்ச காலம். அவ்வருஷம் அங்கத்தினர் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டனர். கிளைகள் ஏழாயிரத்துக்கு மேல். அதன் பின்னர் வருஷந்தோறும் சேருவோரினும் சாவோர் அதிகமாயினர். இருபது வயதில் போருக்குப் போனவர்க்கு 1905-ல் அறுபதுக்கு மேல் ஆகிவிட்டது.

வாரிசைப் பற்றிய பேச்சு எழாமலில்லை. வீரர்களின் மக்களுக்கென்று 1881-ல் பிட்ஸ்பர்க் நகரிலேயே ஒரு தனிச் சங்கம் தோன்றியது. அது உதவி செய்யலாம், ஊர்வலத்தில் பின்னால் வரலாம். மகாசேனையில் அங்கத்தினராக முடியாது. பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டால் சங்கம் நிலைக்குமே என்று நமக்குத் தோன்றுகிறது. அவ்வீரர்களோ வேறுவிதமாக எண்ணினார்கள். தந்தை பட்ட காயத்தை மகன் உரிமையாகக் கோர முடியாதென்பது அவர்கள் கருத்து. இதில் பிடிவாதமும் உண்டு, நேர்மையும் உண்டு. சங்கத்தை நீட்டிப்பதற்காக அதன் பொருளை மாற்ற அவர்கள் இசையவில்லை.

அப்படியாயின் எஞ்சுவதை எங்கே வைப்பது? இக்கேள்விக்கு எஸ்பி கிளையார் கண்ட விடையே அவர்களுடைய வரலாற்றில் மிகச் சிறந்த பகுதி.

ஊர் தம் பெயரைத் தாங்கியதற்கு நன்றியாக ஆண்ட்ரூ கார்னகி அவ்வூருக்கு நூல்நிலையமும் சங்கீத மண்டபமும் சேர்ந்த பெரிய கட்டடம் ஒன்றைக் கட்டிக்கொடுத்தார். அது 1901-ல் திறக்கப்பட்டது. கட்டடத்தோடு நில்லாமல் அதை நடத்துவதற்கு மூலதனமும் வைத்தார். அவர் கட்டிய ஆயிரக்கணக்கான நூல்நிலையங்களில் இவ்வாறு மூலதனம் பெற்றவை மிகச் சிலவே. 1906-ல் எஸ்பி கிளையார் அக்கட்டடத்தின் மாடியில் ஓர் அறையைப் பெற்றுக் குடிபுகுந்தனர். கார்னகி யுத்தத்தில் துப்பாக்கி எடுத்தவரல்லர். தொடக்கத்தில் சேனைக்காக ரெயில், தந்தி வேலைகளைக் கவனித்தார். 1864-ல் பட்டாளத்துக்கு அழைக்கப்பட்டபோது 850 டாலர் கொடுத்துத் தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பினார். அக்காலத்துச் சட்டம் அதை அனுமதித்தது. பதிலாள் வைத்தவர் கட்டிய மாடியில், பதிலாள் வைக்கப் பணமில்லாத சுரங்கத் தொழிலாளரும் உழவரும் வந்தமர்ந்ததை அவர்களே சிரித்துப் பேசியிருப்பார்கள் என்று எண்ண இடமுண்டு.

அவ்வறையில் அவர்கள் லிங்கனுடைய படத்தையும், தளபதிகள், தோழர்கள் ஆகியோரின் படங்களையும் மாட்டினார்கள். கண்ணாடிப் பெட்டிகளில் போர்க்களங்களிலிருந்து கொண்டுவந்த பொருள்களை வைத்தார்கள். பழைய கிளைகளில் இவ்வாறு பொருள்கள் சேர்வது சாதாரணம்: பீரங்கிக் குண்டின் சில்லு, எதிரியின் பொத்தான், குண்டு பதிந்த மரத்துண்டு, சிறையில் செதுக்கிய சீப்பு முதலியன. அவற்றைக் கொண்டு வந்தவர் இருக்கும் வரையில்தான் அவற்றுக்கு அர்த்தம். அவர் போன பின் இரும்புச் சில்லு வெறும் இரும்புச் சில்லே. பழைய இரும்புக்காரன் எடைக்குக் கேட்பான். தேசமெங்கும் பல கிளைகளின் பொருள்கள் இவ்வாறே சிதறிப் போயின. கொடிகள் பரண்களில் மக்கின. நிகழ்ச்சிக் குறிப்புகள் அங்கத்தினர் வீட்டுப் பெட்டிகளோடு தொலைந்தன.

எஸ்பி கிளையார் இதை முன்னரே உணர்ந்திருக்க வேண்டும். 1911-ல் தம் அறையில் இருந்த பொருள்களுக்கு ஒழுங்கான பட்டியல் ஒன்று செய்து வைத்தார்கள். அப்போது அவர்களில் மிக இளையவருக்கே அறுபதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்துப் பார்த்து எழுதும் வேலை எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்பதை நம் வாசகசாலைகளில் புத்தகப் பட்டியல் எழுதிப் பார்த்தவர்கள் அறிவார்கள். சங்கத்தைச் சாவிலிருந்து காக்கும் வழி அவர்களிடம் இல்லை. சங்கத்தின் நினைவைக் காக்கும் வழி ஒன்றிருந்தது. அதைச் செய்துவிட்டு, அறையை நூல்நிலையத்தாரின் பொறுப்பில் நம்பிக்கையாக விட்டார்கள். தனி மனிதர் எவரிடமும் கொடுக்கவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். மகன் நல்லவனாயிருப்பான், பேரன் வீட்டை விற்றுவிடுவான். நூல்நிலையமோ மூலதனத்தோடும் தருமகர்த்தாக்களோடும் அவ்வூரின் நடுவே நிற்பது.

1930-ம் வருஷத்தை அடுத்த காலத்தில் கூட்டத்துக்கு வருவோர் விரல் விட்டு எண்ணும் அளவினராயினர். அப்பத்தாண்டு முடியுமுன் கிளை முடிவுற்றது. அறையைப் பூட்டினார்கள். அதன் பின் நடந்ததில் எவருடைய சூழ்ச்சியுமில்லை, மறதி ஒன்றே. அடுத்த யுத்தம் வந்தது, சுரங்கமும் ஆலைகளும் தளர்ந்தன, நூல்நிலையத்தின் மூலதனமும் காலத்துக்குப் போதாததாயிற்று. ஏறத்தாழ ஐம்பது வருஷம் அவ்வறை மூடிக் கிடந்தது. கூரை ஒழுகி மழைநீர் இறங்கியது, சுவர்ப்பூச்சு உதிர்ந்தது, படங்கள் பழுத்தன. ஆனால் பொருள்கள் வெளியே போகவில்லை. பூட்டிய அறையில் தூசி படிந்தது, திருட்டு நுழையவில்லை.

இதற்கிடையில் தாய்ச் சங்கமும் தன் கடைசிப் படிக்கு வந்துகொண்டிருந்தது. 1949-ல் முதல் மகாசபை கூடிய அதே இண்டியானாபோலிஸ் நகரில் 83-வது மகாசபை கூடியது. வந்தவர்கள் ஆறு பேர். யாவரும் நூறு வயதை அடுத்தவர் அல்லது கடந்தவர். அதுவே கடைசிக் கூட்டம் என்று தீர்மானித்தார்கள். மினஸோட்டா ராஜ்யத்தில் டுலூத் என்னும் ஊரில் வாழ்ந்த ஆல்பர்ட் உல்ஸன் என்பவர் இறுதியாக எஞ்சினார். சிறுவராகப் பட்டாளத்தில் முரசடித்தவர் அவர். 1956-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 2-ந் தேதி அவர் மறைந்ததும் விதிப்படி சங்கம் கலைக்கப்பட்டது. தொண்ணூறு வருஷத்துக்கு முன் அச்சுக்கூடத்தில் கோத்த எழுத்து அன்று நிறைவேறியது.

கார்னகி ஊரில் அறை மறுபடி திறக்கப்பட்டபோது, உள்ளே என்ன இருக்க வேண்டும் என்று எவரும் யோசித்துத் திகைக்கத் தேவையிருக்கவில்லை. 1911-ல் முதியவர்கள் எழுதிய பட்டியல் இருந்தது. ஊரார் பணம் திரட்டினார்கள். படங்கள் ஒவ்வொன்றும் எடுத்துத் துடைத்துச் செப்பனிடப்பட்டன; சுவரின் பழைய வண்ணத்தைச் சுரண்டிக் கண்டுபிடித்து அதே வண்ணம் பூசினார்கள். 2010-ல் அவ்வறை பொதுஜனங்களுக்குத் திறந்து வைக்கப்பட்டது. மகாசேனையின் ஆயிரக்கணக்கான கிளைகளில், தன் பொருள்களோடு ஏறக்குறைய பழைய நிலையிலேயே எஞ்சியிருக்கும் அறைகள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று. கீழே நூல்நிலையத்துக்குப் புத்தகம் எடுக்க வரும் பள்ளிப் பிள்ளைகள் மாடியேறிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.